சேராத கம்பம்

காற்று பலமாக அடித்தால் மேலிடத்துக்கு லீவு. மேலிடத்துக்கு லீவு என்றால் வீட்டில் இருப்பவர்களுக்கு அன்றைக்கு வேலை இரட்டிப்பு.

மேலிடம் என்றதும் கட்சி ஆபீஸ் சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஊருக்கு நடுவில் எழும்பிக்கொண்டிருந்த பெரிய கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிரேன் நின்றது. அதன் உச்சியில், கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குள் உட்கார்ந்து இரும்புக் கட்டுகளையும் பலகைகளையும் தூக்கி இறக்குகிற மனிதருக்கு, உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் அது. "மேலிடத்து உத்தரவு வந்தாச்சா?" என்று ஒருவன் கேட்பான். "மேலிடம் டீ குடிக்குது, இரு" என்று இன்னொருவன் பதில் சொல்வான். அந்தப் பெயர் அவருக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்துவிட்டது. கோபம் வந்தால் அவர் மனைவியும் அதைத்தான் சொல்வாள்.

மனைவி தையல்காரி. பெரிய துணிக்கடை ஒன்றுக்குக் கட்டம் போட்ட சட்டைகள் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கட்டம் போட்ட துணியில் தைப்பது எல்லாருக்கும் வருகிற வேலை இல்லை. சட்டைப் பையின் கட்டம், பை உட்காருகிற இடத்துக் கட்டத்தோடு இம்மி பிசகாமல் சேர வேண்டும். சேர்ந்தால் அங்கே பை இருப்பதே தெரியாது. ஒரு நூல் விலகினாலும் தெருவில் போகிறவன்கூடக் கண்டுபிடித்துவிடுவான்.

அவளுடைய மெஷின் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. அங்கிருந்து பார்த்தால் வீட்டுக் கூரைகளுக்கு மேலே கிரேன் தெரியும். மேலே புருஷன், கீழே தம்பி, நடுவில் ஒரு கொக்கி. அவளுடைய தம்பிக்குக் கிரேனுக்கு அடியில் நின்று சைகை காட்டுகிற வேலை. வாக்கி-டாக்கியில் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்" என்று சொல்லிச் சுமையை இறக்கவைப்பான். மச்சான்தான் அந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். தையல்காரி தையலை நிறுத்திவிட்டு அவ்வப்போது நிமிர்ந்து பார்ப்பாள். கிரேனின் நீளக் கை நிதானமாக நகர்ந்துகொண்டிருந்தால், மறுபடி குனிந்துகொள்வாள்.

அன்றைக்கு அந்தக் கை நகரவில்லை. காலையிலிருந்தே காற்று ஜன்னல் கதவுகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. மேலிடம் வீட்டில் இருந்தார். எழுந்ததிலிருந்து குறை சொல்லிக்கொண்டிருந்தார். ரொட்டி கோணலாக வெட்டியிருக்கிறது. டிவியில் படம் கலங்கித் தெரிகிறது.

"பேப்பரைப் பாரு. மையே காயல. ஈரத்தோட அச்சடிச்சு அப்படியே வித்துடறான். எவன் வேலையிலயும் சுத்தமே இல்ல" என்று பேப்பரைத் தள்ளி வைத்தார்.

"எனக்கு நல்லாத்தானே தெரியுது?" என்றாள் தையல்காரி.

"உனக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியும்."

இதெல்லாம் அந்த வீட்டுக்குப் பழகிப்போன பாட்டு. குறை கண்டுபிடிப்பதில் அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர் என்று மகளே கேலி செய்வாள். ஆனால் அந்தக் கேலியில் பெருமையும் கலந்திருக்கும். உச்சியில் இருந்தபடியே, கீழே கிடக்கிற போல்ட் எந்த அளவு என்று சொன்னவர் அவர். தம்பி போய் எடுத்துப் பார்த்தால் அதே அளவு இருக்கும்.

மகளுக்குப் போட்டோகிராபி கோர்ஸில் இடம் கிடைத்திருந்தது. எங்கெங்கோ எழுதிப் போட்டு, ஒற்றைக் காலில் நின்று வாங்கிய இடம். நாளை மறுநாள் வகுப்பு தொடங்குகிறது. வரும்போது கையில் ஒரு பிலிம் கேமரா இருக்க வேண்டும், எல்லாவற்றையும் கையால் திருப்பி வைக்கிற பழைய வகைக் கேமரா. கேமரா இல்லாதவர்கள் அடுத்த வருஷம் வரலாம் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இந்தக் காலத்துல பிலிமா?" என்றார் அப்பா. "கையில போன் இருக்கு. அதுல எடுத்தா ஆகாதா?"

"போன்ல எடுத்துட்டுப் பிடிக்கலைன்னா அழிச்சுடுவோம்ப்பா. பிலிம்ல அழிக்க முடியாது. அதனால அமுக்கறதுக்கு முன்னாடி ஒழுங்காப் பாக்கணும். முதல்ல பாக்கக் கத்துக்கணும்னு டீச்சர் சொன்னாங்க."

"பாக்கறதுக்கு ஒரு கோர்ஸ்! நான் இத்தனை வருஷமா பாத்துட்டுத்தான் இருக்கேன். எனக்கு எவன் சர்டிபிகேட் குடுத்தான்?"

"உங்களுக்கு வேணாம்ப்பா. எனக்கு வேணும்."

அவர் சிரித்துவிட்டார். மகளிடம் அவர் பாச்சா பலிக்காது. "சரி கண்ணு, கிளம்பு. ஆனா பழைய சாமான். ஏமாத்திடுவான். நான் பாத்து சரின்னு சொன்னாத்தான் வாங்கணும்" என்றார்.

மகளை அவர் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்.

மூன்று பேரும் போனார்கள். தையல்காரிக்கு முடிக்க வேண்டிய சட்டைகள் இருந்தன, இருந்தாலும் போனாள். அவர் தனியாகப் போனால் கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவார் என்று அவளுக்குத் தெரியும்.

கடை இரண்டு ஆள் அகலம்தான். சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி, அலமாரி முழுக்கப் பழைய கேமராக்கள். கடைக்காரருக்குத் தூசி ஆகாது. அவரிடம் இருந்ததெல்லாம் தூசி பிடித்த சாமான். ஒவ்வொன்றை எடுக்கும்போதும் ஒரு தும்மல் போட்டுவிட்டு, தும்மியதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். கோர்ஸ் பெயரைச் சொன்னதும் எது வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மூன்று கேமராக்களை எடுத்துத் துணிமேல் வரிசையாக வைத்தார்.

"எது நல்லது?" என்று மகள் கேட்டாள்.

"மூணும் நல்லதும்மா. கையில எடுத்துப் பாரு. எது கைக்கு ஒத்து வருதோ அதுதான் உன் கேமரா."

முதல் கேமரா செங்கல் கனம் கனத்தது. இரண்டாவதில் பொத்தானை அமுக்கினால் கதவை அறைந்து சாத்துகிற மாதிரி சத்தம் வந்தது. மூன்றாவது சின்னது, கறுப்பு. ஓரங்களில் பெயின்ட் தேய்ந்து பித்தளை தெரிந்தது. அதை எடுத்ததும் அவள் கட்டைவிரல் தேடாமலே பிலிமை நகர்த்துகிற கைப்பிடியில் போய் உட்கார்ந்தது. அவள் முகத்தைப் பார்த்ததுமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, இதுதான் என்று.

"இதுல எப்படிப் பாக்கணும்னா" என்று கடைக்காரர் வாசலைக் காட்டினார். "எதிர்த்தாப்புல விளக்குக் கம்பம் இருக்கில்ல, அதைப் பாரு. நடுவுல சின்னதா ஒரு வட்டம் தெரியுதா? அந்த வட்டத்துக்குள்ள மட்டும் கம்பம் ரெண்டு துண்டா உடைஞ்சு, மேல் பாதி ஒரு பக்கம் கீழ் பாதி ஒரு பக்கம் விலகி நிக்கும். இந்த வளையத்தை மெதுவாத் திருப்பு. ரெண்டு துண்டும் ஒண்ணு சேர்ந்து நேரா நின்னா, படம் தெளிவா விழும்."

"சேர்ந்துடுச்சு!" என்றாள் மகள்.

"கொண்டா இங்க" என்றார் அப்பா.

அவர் முதல் கேமராவிலிருந்து ஆரம்பித்தார். இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது கண்ணில் வைத்தார். வளையத்தை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"கம்பம் சேர மாட்டேங்குது."

"கொஞ்சம் மெதுவாத் திருப்புங்க சார்."

"மெதுவாத்தான் திருப்பறேன். கம்பத்துக்குப் பக்கத்துல இன்னொரு கம்பம் நிக்குதே. வட்டத்துல மட்டுமில்ல, வெளியிலயும் ரெண்டா நிக்குது. இது ஆகாது. அடுத்ததைக் குடுங்க."

அடுத்ததிலும் சேரவில்லை. அதையும் தள்ளி வைத்தார். மூன்றாவதை எடுத்ததும் மகள் கிட்டே வந்து நின்றாள். அவர் நெடுநேரம் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"இதுவும் அதே கதைதான். உள்ள புகை அடிச்ச மாதிரி இருக்கு. பூஞ்சை புடிச்ச சாமானை எல்லாம் துடைச்சு வச்சு விக்கறீங்க."

கடைக்காரர் தும்மினார். இந்தத் தடவை மன்னிப்புக் கேட்கவில்லை. "சார், ஒண்ணுல பழுதுன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். மூணுலயும் பழுதுன்னா நான் கடையைச் சாத்திட்டுத்தான் போகணும்" என்றார்.

கடைக்காரரே லென்ஸைக் கழற்றினார். சின்ன டார்ச் ஒன்றை எடுத்து, கண்ணாடியின் ஓரமாகச் சாய்த்து ஒளியை அடித்தார். "பூஞ்சையை நேராப் பாத்தா தெரியாது. வெளிச்சத்தை இப்படிச் சாய்ச்சு அடிக்கணும். பூஞ்சை இருந்தா உள்ள சாம்பல் பூத்த மாதிரி படர்ந்திருக்கும். இருக்கா? நீங்களே பாருங்கம்மா."

தையல்காரி குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. அப்போதுதான் கழுவி வைத்த டம்ளர் மாதிரி சுத்தமாக இருந்தது.

"அப்பா, எனக்கு நல்லாச் சேருதுப்பா" என்றாள் மகள்.

"உனக்கு ஆசை கண்ணு. ஆசைப்பட்டா கோணலும் நேராத்தான் தெரியும். உங்கம்மா பாக்கட்டும். ஒரு நூல் விலகினாலும் சொல்லிடுவா."

கடைக்காரர் லென்ஸை மாட்டிக் கொடுத்தார். தையல்காரி கேமராவைக் கண்ணில் வைத்தாள். தெரு தெரிந்தது. காற்றில் பறக்கிற காகிதம் தெரிந்தது. வட்டத்துக்குள் விளக்குக் கம்பம் இரண்டு துண்டாக நின்றது. வளையத்தைத் திருப்பினாள். மேல் பாதி மெல்ல நகர்ந்து வந்து கீழ் பாதியின் மேல் உட்கார்ந்தது. சட்டைப் பையின் கட்டம் போய்ச் சட்டைக் கட்டத்தோடு சேருகிற அதே சேர்க்கை. இம்மி பிசகில்லை. வாழ்நாள் முழுக்க அவள் பார்த்துக்கொண்டிருந்ததே இதைத்தான்.

சேருதுங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல்வதற்கு முன்னால் மனதில் வேறொன்று வந்துவிட்டது.

மூன்று கேமராவும் சரியாக இருக்கிறது. மூன்றிலும் ஒரே பழுதைப் பார்த்தவர் ஒருவர்தான்.

டிவி. பேப்பர். முந்தாநாள் கப்புக்குப் பக்கத்தில் ஊற்றிய டீ. முன்பெல்லாம் வேலை முடிந்து வந்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊசிகளுக்கெல்லாம் நூல் கோர்த்து வரிசையாகக் குத்தி வைப்பார். தன் கண்ணைப் பற்றி அவருக்கு அவ்வளவு பெருமை. சில மாதமாக, "நீயே கோத்துக்கோ, எனக்கு அசதியா இருக்கு" என்றுவிடுகிறார். அசதி என்றுதான் அவளும் நம்பினாள். எல்லாம் அந்தச் சின்ன வட்டத்துக்குள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு நின்றன. மேலே அவர், கீழே தம்பி.

"என்ன, சேருதா?" என்றார் அவர்.

கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு அந்நியர் முன்னால் புருஷனை அப்படி நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

"எனக்கும் சரியாச் சேரலைங்க" என்றாள். "வேற கடையில பாக்கலாம்."

மகள் அம்மாவையே வெறித்துப் பார்த்தாள். அப்பா, "பாத்தீங்களா?" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வெற்றி பெற்றவராக வெளியே நடந்தார்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது தையல்காரி, "ஐயோ, குடையை விட்டுட்டேன்" என்றாள். வேண்டுமென்றே விட்ட குடைதான். கடைக்கு ஓடினாள். "அந்தக் கறுப்பு கேமராவைக் கட்டிக் குடுங்க. பிலிமும் ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றாள். கடைக்காரர் ஒரு நிமிஷம் அவள் முகத்தையே பார்த்தார். அவரும் புரிந்துகொண்டது போலத்தான் இருந்தது. ஒரு கேள்வியும் கேட்காமல் பிலிமைப் போட்டு, கேமராவைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். அவள் அதைப் பையின் அடியில் வைத்து, மேலே குடையைப் போட்டு மூடினாள்.

பஸ்ஸில் மகள் தனி சீட்டில் உட்கார்ந்தாள். வீடு வந்ததும் அடுக்களைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"உனக்குச் சேர்ந்துச்சும்மா. நான் உன் மூஞ்சியைத்தான் பாத்துட்டிருந்தேன். பொய் சொன்னே."

"ஆமா, சொன்னேன்."

"எதுக்கு?"

"காலையில சொல்றேன்."

"காலையில சொல்லி என்ன ஆகப் போகுது? அடுத்த வருஷம் போய்க்கோ, அதானே? அவரு ராத்திரின்னா நீ நட்சத்திரத்தையே எண்ண ஆரம்பிச்சுடுவே. எப்பவும் அவரு பக்கம்தான்."

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண் எரிவதற்கு ஒரு சாக்கு இருந்தது. மகள் உள் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள், சாப்பிடவும் வரவில்லை.

சாப்பாட்டுக்குத் தம்பி வந்தான். காற்றடிக்கிற நாட்களில் அவனுக்கும் வேலையில்லை. அக்கா வீட்டு அடுப்பைத் தேடி வந்துவிடுவான். சூப்பையும் அவித்த முட்டையையும் ஒரு கை பார்த்துவிட்டு, மச்சானைக் கிண்டல் செய்ய ஆரம்பித்தான்.

"அக்கா, இந்தக் கதை உனக்குத் தெரியுமா? மேலிடம் உக்காருற பொட்டிக்குக் கண்ணாடி மங்கிப் போச்சுன்னு ஒரே சண்டை. புதுசு மாத்திக் குடுத்தாங்க. ரெண்டு மாசம்கூட ஆகல, அதுவும் மங்கல்னு மறுபடி சண்டை. மறுபடியும் மாத்தினாங்க. சூப்பர்வைசர் கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. இனிமே கண்ணாடிக் கம்பெனி முதலாளியையே கூட்டிட்டு வந்து உள்ள உக்கார வைக்கிறேன்னாரு!"

"தரம் இல்லாத கண்ணாடி" என்றார் மேலிடம். "இப்ப மாத்தினதும் அப்படித்தான் இருக்கு."

எப்போதும் சிரிக்கிற இடம் அது. தையல்காரி சிரிக்கவில்லை. தம்பி அக்காவைப் பார்த்தான். பார்த்ததும் அவன் சிரிப்பும் பாதியில் நின்றது. தட்டை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே அடுக்களைக்குள் வந்தான்.

"சொல்லு" என்றாள் அவள், குழாயைத் திறந்துவிட்டு. தண்ணீர்ச் சத்தத்தில் பேச்சு வெளியே கேட்காது.

"என்னத்தைச் சொல்ல?"

"உனக்குத் தெரியும். கண்ணாடியில பழுதில்லைன்னு உனக்குத் தெரியும்."

தம்பி தட்டைக் கழுவுகிற சாக்கில் குனிந்துகொண்டான். "முன்னெல்லாம் நான் வாக்கி-டாக்கியில ரெண்டு வார்த்தை கூடப் பேசினாத் திட்டுவாருக்கா. எனக்கென்ன கண்ணில்லையாடாம்பாரு. இப்ப, சொல்லு சொல்லுன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. நான் வாயை மூடினா கொக்கி அப்படியே நின்னுடுது. கண்ணை வச்சு இறக்கல, என் வாயை வச்சுத்தான் இறக்கறாரு."

"எத்தனை நாளா?"

"போன வருஷம் கிரீஸ் போடும்போது இரும்புக் கயித்துல இருந்து ஒரு பிசிறு தெறிச்சு வலது கண்ணுல பட்டுதில்ல? சொட்டு மருந்து போட்டுக்கிட்டு மறுநாளே ஏறினாரே. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா."

"ஏதாவது ஆச்சா?"

அவன் தட்டையே தேய்த்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"போன வாரம் ஒரு பலகைக் கட்டு. நில்லுன்னு சொன்னேன். சத்தத்துல அவருக்குக் கேக்கல போல. நான் நின்ன இடத்துல வந்து உக்காந்துச்சு. நான் குதிச்சுட்டேன், ஒண்ணும் ஆகல."

அவள் குழாயை மூடிவிட்டு, மறுபடி திறந்தாள். "வேற ஆளா இருந்தா என்னடா பண்ணியிருப்பே?"

"வேலையை நிறுத்திட்டு, இவனை இறக்குங்கடான்னு கத்தியிருப்பேன்."

"இவரை ஏன் இறக்கல?"

"என்னை அங்க கொண்டுபோய் நிறுத்தினதே அவருதான்க்கா. நான் போய் அவரை இறக்கறதா? கண்ணு போச்சுன்னு ஒரு தடவை இறங்கினவங்க மறுபடி மேல ஏறி நான் பாத்ததில்ல. அது அவருக்கும் தெரியும். அதனாலதான் கண்ணாடியோட சண்டை போட்டுட்டு இருக்காரு."

அவளுக்குத் தம்பிமேல் ஆத்திரமாக வந்தது. கூடவே அவன் தலையைத் தடவிக் கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் துண்டை எடுத்துக் கொடுத்தாள். "காலையில வண்டியை எடுத்துட்டு வா, ஆனா ஹாரன் அடிக்காதே. நான் கூப்பிடற வரைக்கும் கீழேயே நில்லு" என்றாள்.

விடியும்போது காற்று நின்றிருந்தது. கொடியில் கிடந்த துணி அசையவில்லை. மேலிடம் சட்டையை மாட்டிக்கொண்டு, நல்ல நாள் கிடைத்த உற்சாகத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். தையல் மெஷின்மேல், கட்டம் போட்ட துணிகளுக்கு நடுவில், அந்தக் கறுப்பு கேமரா இருந்தது.

அவர் நின்றுவிட்டார். "இது எப்படி இங்க வந்துச்சு?"

"நான்தான் வாங்கினேன்."

"சேரலைன்னு நீதானே சொன்னே?"

"பொய் சொன்னேன். எனக்கு நல்லாச் சேர்ந்துச்சு. கடையில வச்சு உங்களைத் தலைகுனிய வைக்க எனக்கு மனசு வரல." அவள் கேமராவை எடுத்து அவரிடம் நீட்டினாள். "ஜன்னல் வழியா உங்க கிரேனைப் பாருங்க."

"எனக்கு நேரமாச்சு."

"பாத்துட்டுப் போங்க. அப்புறம் நான் ஒரு வார்த்தை பேசல."

அவள் குரல் சண்டைக்கு வந்த குரலாக இல்லை. அதனாலேயே அவர் வாங்கிக்கொண்டார். வழக்கம்போல இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணில் வைத்தார். கூரைகளுக்கு மேலே கிரேனின் தண்டு செங்குத்தாக நின்றது.

"ரெண்டு கிரேன் நிக்குது. ஒண்ணு மங்கலா" என்றார். "நான்தான் அப்பவே சொன்னேனே."

"இப்ப இடது கண்ணுல வச்சுப் பாருங்க."

அவர் அசையவில்லை. கேமரா வலது கண்ணிலேயே இருந்தது. கை மட்டும் வளையத்தை விட்டுவிட்டது. எதற்காகச் சொல்கிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது என்பது, பின்னால் நின்ற அவளுக்கு அவர் கழுத்தைப் பார்த்தே தெரிந்தது. பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாக, கேமரா இடப்பக்கம் நகர்ந்தது. வளையம் கொஞ்சம் திரும்பியது. நின்றது.

வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். கேமராவை இறக்காமலே பேசினார்.

"ஒண்ணுதான் நிக்குது."

அவள் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"கேமராவுல குத்தமில்ல" என்றார். கேமராவை இறக்கி வைத்துவிட்டு, "அந்தக் கண்ணாடியிலயும் குத்தமில்ல. ரெண்டு தடவை மாத்த வச்சேன்" என்றார்.

அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். அவளுடைய போனில் டார்ச்சைப் போட்டு, கடைக்காரர் செய்தது போலவே ஓரமாகச் சாய்த்து அவர் வலது கண்ணில் அடித்தாள். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் பூத்திருந்தது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்துவிட்டு, இதை ஒரு தடவைகூடச் சாய்த்துப் பார்க்காமல் விட்டுவிட்டோமே என்று அவளுக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை வெங்காயச் சாக்கு இல்லை, அழுதாள்.

"புரை மாதிரிதாங்க இருக்கு. டாக்டர்கிட்ட போலாம். ஆபரேஷன் பண்ணினா முக்காவாசிப் பேருக்குச் சரியாயிடுது."

"மீதிப் பேருக்கு?"

"அவங்க கீழ நின்னு வேலை பாக்கறாங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். கிரேன் சும்மா நின்றுகொண்டிருந்தது. அவர் ஏறினால்தான் அதற்கு உயிர். "எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே. இறங்கினா அப்புறம் நான் யாருன்னு எனக்கே தெரியல. அதான் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "போன வாரம் அவன் குதிச்சான். குதிச்சது எனக்குத் தெரியவே இல்ல. சாயங்காலம் கூட இருக்கறவன் சொல்லித்தான் தெரியும். ஒண்ணுமில்ல மச்சான்னு இவன் சிரிக்கிறான்."

"இன்னைக்கும் அவன்தான் நிப்பான்" என்றாள் தையல்காரி.

அவர் போனை எடுத்தார். சூப்பர்வைசர் குரல் வெளியே கேட்கிற அளவுக்குப் பெரியது: காத்து நின்னாச்சு, எங்க இருக்கீங்க, இரும்பு வந்து காத்துக்கிடக்கு.

"நான்தான், மேலிடம் பேசறேன்" என்றார் அவர். அந்தப் பெயரை அவர் தன் வாயால் சொல்லி அவள் கேட்டதில்லை. "நான் இன்னைக்கு ஏறல. மாத்து ஆளை ஏத்துங்க... இல்ல, காய்ச்சல் இல்ல. என் வலது கண்ணுல பழுது. ரொம்ப நாளா. கண்ணாடி மேல சொன்னதெல்லாம்... ஆமா. என் கண்ணுதான்."

அந்தப் பக்கம் பெரிய குரல் அடங்கிப்போனது. அவர் போனை மெஷின்மேல் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். கீழே பைக்மேல் தம்பி உட்கார்ந்திருந்தான்.

"டேய், எவ்வளவு நேரமா நிக்கறே?"

"அக்கா ஹாரன் அடிக்கக் கூடாதுன்னு சொல்லிச்சு மச்சான்."

"மேல வந்து டீ குடிச்சுட்டு நீ மட்டும் போ. புதுசா ஏறுறவனுக்கு உன் வாய் பழக்கமில்ல. பாத்து நில்லுடா."

திரும்பியபோது மகள் அறை வாசலில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள் என்று முகமே சொன்னது. அம்மாவிடம் வந்து, முந்தின நாள் பேசியதற்கெல்லாம் சேர்த்து, அவள் தோளில் முகத்தை ஒரு தடவை அழுத்தித் தேய்த்தாள். பிறகு கேமராவை எடுத்தாள். கட்டைவிரல் அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

"பிலிம் இருக்காம்மா?"

"போட்டுத்தான் வாங்கினேன்."

"அப்பா, அங்கேயே உக்காருங்க. முதல் படம் நீங்கதான்."

"என் மூஞ்சி நல்லா இல்ல கண்ணு. ஷேவ் பண்ணல."

"பரவாயில்லை. அசையாதீங்க."

அவர் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தார். எப்போதும் உட்காருகிற மாதிரி, இடது பக்கத்தை முன்னால் வைத்து, வலது பக்கத்தை நிழலில் தள்ளி. அப்படி உட்காருவது எப்போது பழக்கமானது என்று தையல்காரி இப்போதுதான் யோசித்தாள். மகள் வளையத்தைத் திருப்ப ஆரம்பித்தாள்.

"எதைப் பாத்துத் திருப்பறே? இங்கதான் கம்பமே இல்லையே?"

"ஆளை எடுக்கும்போது கண்ணைப் பாத்துத்தான்ப்பா சேக்கணும். கண்ணு தெளிவா இருந்தாப் போதும், மத்ததெல்லாம் எப்படி இருந்தாலும் படம் நிக்கும்னு டீச்சர் சொன்னாங்க."

"எந்தக் கண்ணைப் பாத்து?"

"கேமராவுக்குக் கிட்ட இருக்கற கண்ணை."

அவர் எழுந்து நாற்காலியைக் கையால் பிடித்து, தரையில் கறகறவென்று சத்தம் வரத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வலது கண் வெளிச்சத்துக்கு வந்தது.

"இதை எடு" என்றார்.

மகளின் விரல்கள் வளையத்தில் மெதுவாக நகர்ந்தன. தம்பி படியேறி வருகிற சத்தம் கேட்டது. அடுப்பில் டீ பொங்கியது. தையல்காரி போகாமல் நின்றாள்.

"சேர்ந்துச்சா கண்ணு?"

"சேர்ந்துச்சுப்பா" என்று சொல்லிவிட்டு அவள் அமுக்கினாள்.